இரண்டு பலகைக்கு ஒரு சதவீதம்: மலைநாட்டுக்கு ஒரு சாய்வுப் பட்டிங் மேடை

நுவரெலியா நகரின் நடுவிலேயே கிடக்கும் கோல்ப் மைதானம் 1889இல் தொடங்கியது. விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டித் திகனைப் பக்கம் இருப்பது 1999இல் வந்தது. இரண்டிலும் மலை தன் வேலையைக் காட்டும். கால் வைத்த இடம் ஒரு சாய்வு, பந்து கிடக்கும் இடம் வேறொரு சாய்வு, குழியை ஒட்டி இன்னொன்று. பந்தைத் தட்டிக் குழிக்குள் உருட்டுவதுதான் பட்டிங். அதை வீட்டில் பழகக் கடையில் வாங்கும் விரிப்போ ஒரு முழ அகலத்தில் சமதரையில் கிடக்கும். பலவற்றில் குழி இருக்கும் முனையை மட்டும் மேடாக்கி வைத்திருப்பார்கள். அந்த மேட்டில் ஏற்றுவதற்காகக் கொஞ்சம் கூடுதலாகத் தட்டிப் பழகிய கை, மைதானத்தில் இறக்கத்தில் நிற்கும்போதும் அப்படியே தட்டும்.

அந்த விரிப்புக்குப் பதிலாகக் கட்டியதுதான் இந்த மேடை. நீளம் 12 அடி, அகலம் 4 அடி. நீளவாட்டில் 3 சதவீதம் வரை ஏற்றமோ இறக்கமோ வைக்கலாம். குறுக்குவாட்டில் 2 சதவீதம். அடிப்பவரும் மேடைமேலேயே நிற்கிறார். சாய்வைக் கண் பார்த்தால் மட்டும் போதாது, உள்ளங்காலும் அறிய வேண்டும். மேடையை அடுத்து, பந்தைத் தூக்கி அடிக்கும் அயன் கிளப்புக்கான அடிதட்டு ஒன்றும், தேயிலைக் கட்டையில் செய்த பட்டர் (பட்டிங்குக்கான கிளப்) ஒன்றும் பதிவின் கடைசியில் வருகின்றன.

முதல் சட்டம் ஏன் தொய்ந்தது

முதல் மேடைக்கு 50×25×1.6 மி.மீ. பொக்ஸ் பார் (நீள்சதுர இரும்புக் குழாய்) போட்டோம். தகரக் கூரைக்கும் கேட்டுக்கும் ஓடுகிற அதே சாமான்; வெல்டிங் பட்டறையில் எப்போதும் இருக்கும். நான்கு மூலையிலும் நான்கு திருகுக் கால். பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தது. பந்தை உருட்டினால் முதல் பாதியில் இழுத்துக்கொண்டு ஓடியது, இரண்டாம் பாதியில் சேற்றில் விழுந்தது போல நின்றது.

காரணம் கணக்கில் இருக்கிறது. பிளைவூட், சட்டம், புல்விரிப்பு, மணல் எல்லாம் சேர்த்து மேடையின் சொந்தப் பாரம் ஏறத்தாழ 120 கிலோ. இரண்டு முனையில் மட்டும் தாங்கி 3.6 மீற்றர் நீளத்துக்கு அந்தக் கம்பியை விட்டால் நடு 24 மி.மீ. தொய்யும். ஒரு அங்குலம்தானே என்று விட முடியாது. அந்தத் தொய்வால் இரு முனையிலும் தானாக 2 சதவீதச் சாய்வு வந்துவிடுகிறது. நாம் திருகி வைக்கும் சாய்வே அவ்வளவுதான். நடுவில் ஐந்தாவது காலை முட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். சாய்வை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அதையும் மாற்ற வேண்டும், ஒரு நாள் மறந்துபோகும், அன்று மேடை கூன் போட்டுவிடும்.

நெடுக்குச் சட்டம் இரண்டையும் 100×50×2 மி.மீ. பொக்ஸ் பாராக மாற்றி, 100 மி.மீ. பக்கம் நிமிர்ந்து நிற்க வெல்ட் செய்ததும் தொய்வு 3 மி.மீ.க்குள் வந்தது. சாமான் பாரம் கூடினாலும், கம்பி உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு அதைவிட எவ்வளவோ மடங்கு ஏறுகிறது. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது: குறுக்குச் சட்டங்களுக்குப் பழைய 50×25 போதும். அடிப்பவர் நிற்கும் முனையில் 30 செ.மீ.க்கு ஒன்று, மற்ற இடத்தில் 40 செ.மீ.க்கு ஒன்று. மூலைக்கு மூலை இரண்டு நீளச் சாய்கம்பி கட்டாயம். இல்லாவிட்டால் சட்டம் துணி பிழிவது போல முறுக்கிக்கொள்ளும்.

கம்பியின் திறந்த வாயெல்லாம் தகரம் வைத்து மூடி, அடிப்பக்கம் 6 மி.மீ. துளை ஒன்று விட வேண்டும். மலையில் பனிமூட்டம் கம்பிக்குள் போய்த் தண்ணீராகும். மேலே ரெட் ஒக்சைட் இரண்டு கை பூசியிருந்தாலும் உள்ளிருந்துதான் கறள் பிடிக்கும்.

நான்கு கால் வேண்டாம், மூன்று போதும்

மூன்று கல் அடுப்பு எந்தத் தரையில் வைத்தாலும் ஆடாது. நான்கு கால் பலகை ஆடும். மேடைக்கும் அதே நியாயம். நான்கு திருகுக் காலில் எப்போதும் ஒன்று காற்றில் நிற்கும். அதைத் திருகி இறக்கினால் சட்டம் முறுக்கும். முறுக்கினால் காலடியில் ஒரு சாய்வும் குழியடியில் வேறொரு சாய்வும் வரும். மூன்று புள்ளிகளில் தாங்கினால் சட்டம் எப்போதும் ஒரே தளமாக இருக்கும்.

குழி இருக்கும் முனையின் நடுவில் ஒற்றைத் தாங்கி. டிரெய்லர் இழுக்கப் பூட்டும் 50 மி.மீ. இரும்பு உருண்டை ஒன்றைத் தரைத்தளத்தில் போல்ட் பண்ணி, மேடையின் அடியில் 60 மி.மீ. குழாய்த் துண்டைத் தொப்பி போல வெல்ட் செய்து அதன்மேல் கவிழ்த்தால் போதும். எந்தப் பக்கமும் சாயும், வழுக்கிப் போகாது. அடிப்பவர் நிற்கும் முனையில் இரண்டு திருகுக் கால், ஒன்றுக்கொன்று சரியாக 1 மீற்றர் இடைவெளியில். திருகுக் காலுக்கு எம்16 த்ரெட் கம்பி. அதில் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. ஏறும். கம்பியின் கீழ்முனையைக் கிரைண்டரில் உருட்டையாக்கிக் கிரீஸ் தடவிய குழாய் மூடிக்குள் நிறுத்த வேண்டும். தட்டையாக விட்டால் மேடை சாயும்போது ஓரத்தில் கடித்து அளவு பிசகும்.

இந்த அமைப்பில் ஓர் ஆபத்து உண்டு. குழிப்பக்க முனையில் மேடையைத் தாங்குவது நடுப்புள்ளி மட்டும்தான். பந்தை எடுக்க ஒருவர் அந்த மூலையில் ஏறி நின்றால், 80 கிலோ ஆளுக்கு மேடை கவிழ்ந்துவிடக்கூடும். ஆகவே அந்த இரு மூலைகளின் அடியிலும் காவல் கட்டை வைக்க வேண்டும். கட்டைக்கும் மேடைக்கும் 15 மி.மீ. இடைவெளி. 2 சதவீதக் குறுக்குச் சாய்வில் மூலை இறங்குவது 12 மி.மீ. மட்டும், ஆகவே கட்டை வேலையைத் தடுக்காது, கவிழ்வதைத் தடுக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த இரண்டு கட்டையையும் வைக்காமல் மேடையைத் திறந்துவிடக் கூடாது.

பலகைக் கணக்கு

உருண்டைக்கும் திருகுக் கால் வரிசைக்கும் இடையே 3.6 மீற்றர் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 3.6 மீற்றரில் 1 சதவீதம் என்றால் 36 மி.மீ. அது 18 மி.மீ. பிளைவூட் இரண்டு துண்டின் தடிப்பு. ஆகவே மேடைக்கு வெட்டிய பலகையின் கழிவையே 15 செ.மீ. சதுரங்களாக அறுத்து, இரண்டிரண்டாக ஒட்டி, திருகுக் காலின் அடியில் அடுக்கினால் அதுவே அளவுகோல். ஒரு காலுக்கு ஆறு இரட்டை. மூன்று இரட்டை இருந்தால் சமம். ஒன்றை எடுத்தால் 1 சதவீத ஏற்றம், ஒன்றைச் சேர்த்தால் 1 சதவீத இறக்கம். உருண்டையின் உயரத்தையும் மூன்று இரட்டையில் மேடை சமமாக நிற்கும்படி முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

18 என்று விற்கும் பலகை பல இடங்களில் 17தான் இருக்கும். ஆறு துண்டை அடுக்கி வேர்ணியரால் அளந்து, குறைவதைத் தகரத் துண்டு வைத்து நிரப்பினால் ஒரேயடியாக முடிந்தது.

குறுக்குச் சாய்வு திருகில். கால்களுக்கு இடையே 1 மீற்றர் என்பதால் 1 சதவீதத்துக்கு 10 மி.மீ., அதாவது 5 சுற்று. ஐந்தையும் ஒரே காலில் சுற்றினால் நீளவாட்டுச் சாய்வும் கொஞ்சம் நகரும். இடது காலை இரண்டரைச் சுற்று ஏற்றி, வலது காலை இரண்டரைச் சுற்று இறக்கினால் நடு அசையாது. சுற்றை எண்ணுவதற்கு நட்டின் ஒரு முகத்தில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி.

அடிப்பவர் நிற்கும் முனையை உயர்த்தும்போது இரண்டு பேர் தூக்குவதைவிடக் கார் ஜாக் நல்லது. நடுக் குறுக்குச் சட்டத்தின் அடியில் முட்டுக் கொடுத்து, இரண்டு காலின் அடுக்கையும் மாற்றி, மெதுவாக இறக்க வேண்டும். விரல் அடுக்குக்குள் போகக் கூடாது.

தரைமட்டத்தை ரசமட்டத்தால் பார்த்தால் போதாது, 3.6 மீற்றருக்கு அது கண்ணை ஏமாற்றும். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம் இதற்கு எடுப்பானது: 8 மி.மீ. ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் 6 மீற்றர், உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர். ஒரு மில்லிமீற்றர் வரை நம்பலாம். கைபேசியின் சாய்வுமானியும் உதவும். 1 சதவீதம் 0.57 பாகை, 2 சதவீதம் 1.15, 3 சதவீதம் 1.72. உறையைக் கழற்றி, ஒரு மீற்றர் மட்டக்கோலின்மேல் வைத்து, பிறகு கைபேசியைத் தலைமாற்றி வைத்து, இரண்டு அளவின் சராசரியை எடுக்க வேண்டும். காலை வெயிலிலும் மாலைக் குளிரிலும் ஒரே கைபேசி வேறு அளவு காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். அப்போது நம்ப வேண்டியது பலகை அடுக்கைத்தான்.

பலகை, குழி, புல்

8×4 அடி பிளைவூட் ஒன்றரைத் தாள். ஈரத்துக்குத் தாங்கும் பசையில் ஒட்டிய வெளிப்புற ரகம் வேண்டும்; சாதாரண ரகம் ஒரு மழைக்காலத்தில் அடுக்கடுக்காகப் பிரியும். அரைத் தாளை அடிப்பவர் நிற்கும் பக்கம் போட வேண்டும். பொருத்து ஒரு குறுக்குச் சட்டத்தின் நடுவில் விழ வேண்டும். இரண்டு விளிம்பையும் 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கி, வாகனத்துக்குப் பூசும் பொடி ஃபில்லரால் நிரப்பி, 120ஆம் இலக்க உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கண்ணை மூடி விரலால் தடவும்போது பொருத்து எங்கே என்று தெரியாவிட்டால் சரி. அறுத்த விளிம்புகளுக்கு வார்னிஷ் மூன்று கை. தண்ணீர் பலகையின் முகத்தால் போவதைவிட விளிம்பால்தான் போகும்.

குழியின் விட்டம் 108 மி.மீ., ஆழம் குறைந்தது 101.6 மி.மீ. 110 மி.மீ. பி.வி.சி. குழாயை வெட்டிச் செருகினால் வேலை முடிந்தது என்று யாரும் நினைப்பார்கள். அந்த 110 வெளிவிட்டம். உள்ளே 104 அளவில்தான் வரும். குறுகிய குழியில் பழகுவதும் ஒரு பயிற்சி என்று சொல்வோர் உண்டு, ஆனால் விளிம்பில் பந்து சுழலும் விதமே மாறிவிடுகிறது. பலகையைச் சரியாக 108இல் அறுத்துவிட்டு, குழாயைப் பலகைக்கு அடியில் வளையமாக ஒட்டுவதே முறை. பலகை 18, புல் 12 சேர்ந்து குழாய் 30 மி.மீ. கீழே போய்விடும். மைதானக் குழியிலும் உள்வளையம் மேற்பரப்பிலிருந்து 25.4 மி.மீ.யாவது கீழே இருக்க வேண்டும் என்பதே விதி.

குழியை அகலத்தின் நடுவில் வெட்டக் கூடாது. அடிப்பவரின் கால் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வதால், எதிர்ப்பக்க விளிம்பிலிருந்து 35 செ.மீ. உள்ளே வெட்ட வேண்டும். அந்த 35தான் குறுக்குச் சாய்வின் எல்லையையும் தீர்மானிக்கிறது. ஸ்டிம்ப் 8 வேகமுள்ள புல்லில் (ஸ்டிம்ப் என்பது புல்லின் வேக அளவு, விளக்கம் பின்னால் வரும்), 2.4 மீற்றர் தூரத்தில், 2 சதவீதக் குறுக்குச் சாய்வில், குழியின் வாயில் வந்து ஓய்ந்துவிடும் வேகத்தில் தட்டினால் பந்து 24 செ.மீ. வளையும். குழி இல்லாவிட்டால் 30 செ.மீ. தாண்டிப் போகும் வேகத்தில் தட்டினால் 18 செ.மீ. மட்டும். 3 சதவீதம் வைத்தால் மெதுவான பந்துக்கு 37 செ.மீ. ஒதுக்க வேண்டும், குறி மேடைக்கு வெளியே போய்விடும். அதனால்தான் 2இல் நிறுத்தியது. ஒரே சாய்வில் ஒரே குழிக்கு இந்த இரண்டு வேகத்திலும் மாறிமாறித் தட்டிப் பார்ப்பதுதான் இந்த மேடை தரும் மிகப் பெரிய பாடம்: சாய்வைப் படிக்கத் தெரிந்தால் போதாது, எந்த வேகத்துக்குப் படிக்கிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மேலே 12 மி.மீ. இழை உயரமுள்ள பட்டிங் புல்விரிப்பு. 2 மீற்றர் அகலச் சுருளில் வெட்டினால் நடுவில் பொருத்தே வராது. தரைக்கம்பளமும் தும்புப் பாயும் போட்டுப் பார்த்தவை. தும்புப் பாயில் கிரிக்கெட் ஆடலாம், பட்டிங் ஆகாது. முடிச்சுக்கு முடிச்சு பந்து துள்ளும். கம்பளம் முதல் வாரம் நன்றாக ஓடும், பிறகு பந்துப் பாதையில் மட்டும் வழுக்கையாகும்.

புல்விரிப்பை முழுவதும் ஒட்டக் கூடாது. விளிம்பில் 10 செ.மீ.யும் குழியைச் சுற்றி ஒரு வளையமும் ஒட்டினால் போதும். மிச்சத்தை மணல் பிடித்துக்கொள்ளும். செருப்புப் பசை என்று விற்கும் கொன்டக்ட் பசையைப் பனிமூட்ட நாளில் பூசினால் அது காயும்போது தன்னைக் குளிர்வித்துக்கொண்டு, காற்றின் ஈரத்தை இழுத்து, மேலே வெள்ளைப் படலம் கட்டும். அந்தப் படலத்தின்மேல் அமுக்கினால் ஒட்டியது போலக் காட்டி ஒரு வாரத்தில் உரிந்துவிடும். வெயில் ஏறிய பிறகு, பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் ஒட்ட வேண்டும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்கு நல்ல காலம். ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை.

மணல் சதுர மீற்றருக்கு 4 கிலோ, மொத்தம் 18 கிலோ. ஆற்று மணலை அப்படியே போட்டால் அதிலுள்ள களி ஈரத்தில் இறுகிப் புல்லின் அடியில் சீமெந்து போலாகும். தண்ணீர் தெளியும் வரை கழுவி, படங்கில் பரப்பி நன்றாகக் காயவைத்து, நுளம்பு வலையில் அரித்துப் போட வேண்டும். ஒரே தடவையில் கொட்டாமல் நான்கு தடவையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் தும்புத்தடியால் இழைக்கு எதிராகக் கூட்ட வேண்டும். இழை நிமிர்ந்து நிற்கும்போதுதான் மணல் அடிக்குப் போகும்.

வேகத்தை அளத்தல்

கிரீனின், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையின், வேகத்தை அளக்கும் சரிவுக்கோலை 1935இல் வடிவமைத்தவர் எட்வர்ட் ஸ்டிம்ப்சன்; அவர் பெயரிலேயே ஸ்டிம்ப்மீற்றர். அமெரிக்க கோல்ப் சங்கம் 1970களில் அதைத் திருத்தி அலுமினியத்தில் செய்தது. கோலின் நீளம் 36 அங்குலம். பள்ளம் 145 பாகை வி வடிவம். கீழ்முனையிலிருந்து 30 அங்குலத்தில் பந்து நிற்கும் வெட்டு. கோலை மெல்ல உயர்த்தினால் ஏறத்தாழ 20 பாகையில் பந்து தானே விடுபட்டு, வினாடிக்கு 1.83 மீற்றர் வேகத்தில் தரைக்கு வரும். அது ஓடி நிற்கும் தூரம் எத்தனை அடியோ அதுவே ஸ்டிம்ப்.

தகரம் மடிக்கும் கடையில் 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டை 35 பாகை மடித்துத் தரச் சொன்னால் 145 பாகைப் பள்ளம் வந்துவிடும். கீழ்முனையின் அடிப்பக்கத்தை அரத்தால் மெலிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து படியில் விழுவது போலத் துள்ளும். விடுபடும் வெட்டைச் சரியாகச் செய்வது கடினம். அதற்குப் பதில் 762 மி.மீ. குறியின் அடியில் 26 செ.மீ. உயர மரக் கவட்டை வைத்து, அந்தக் குறியில் பந்தை விரலால் பிடித்து விட்டால் போதும். எல் வடிவ அலுமினியக் கோணத்தை அப்படியே பாவிக்க ஆசை வரும். 90 பாகைப் பள்ளத்தில் பந்து உள்ளே ஆழமாக உட்கார்ந்து, வேகத்துக்கு மிஞ்சிய சுழற்சியோடு தரைக்கு வந்து ஒரு உதறு உதறிப் பிறகு ஓடும். அந்த எண்ணை வெளியே யாரிடமும் சொல்ல முடியாது.

சமதளத்தில் ஒரு திசைக்கு மூன்று பந்து, எதிர்த்திசைக்கு மூன்று பந்து விட்டு, இரண்டு சராசரிக்கும் சராசரி. இரண்டு திசைக்கும் 15 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் இழை ஒரு பக்கம் படுத்திருக்கிறது. கூட்டி நிமிர்த்த வேண்டும்.

சாய்வில் அளந்தால் சாதாரணச் சராசரி பொய் சொல்லும். ஸ்டிம்ப் 8 என்றால் சமதளத்தில் 2.44 மீற்றர். அதே புல்லில் 3 சதவீத ஏற்றத்தில் பந்து 1.87 மீற்றர் போகும், இறக்கத்தில் 3.52. கூட்டி இரண்டால் வகுத்தால் 2.70 வருகிறது; அது பிழை. இரண்டையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அப்போது 2.44 சரியாக வரும். மேடை சாய்ந்தபடியே இருக்கும்போது புல்லின் வேகம் மாறியிருக்கிறதா என்று பார்க்க இதைவிடக் குறுக்குவழி இல்லை.

3.52 மீற்றர் மேடைக்குள் அடங்காது. அதற்குப் பள்ளத்தின் பாதியில், 381 மி.மீ.இல் இன்னொரு குறி. பாதி உயரத்திலிருந்து வருவதால் பாதித் தூரம் ஓடும், வந்ததை இரட்டித்துக்கொள்ளலாம். புதிய ஸ்டிம்ப்மீற்றர்களிலும் இப்படி ஒரு இரண்டாம் வெட்டு உண்டு.

இந்த வேகத்தில் சாய்வு 9.8 சதவீதத்தைத் தொட்டால் இறக்கத்தில் பந்து நிற்கவே நிற்காது. மேடையை அந்த அளவுக்குச் சாய்க்க யாரும் போவதில்லை, ஆனால் கூரைத் தண்ணீர் ஓடச் சாய்த்துப் போட்ட கொங்கிரீட் திண்ணையில் விரிப்பைப் போட்டுவிட்டுப் பந்து ஏன் கானுக்குள் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு.

ஈரம் வேகத்தைக் கொல்லும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். விடியலில் புல் நனைந்திருக்க மழை வேண்டியதில்லை, பனியே போதும். மேடையைக் கூரையின் கீழ் போட்டாலும், மூன்று பக்கமாவது திறந்திருந்தால் காற்றோட்டத்தில் காயும். இரவில் படங்கால் மூடுவது நல்லது போலத் தெரியும். படங்கு புல்லில் படும்படி மூடினால் அடியில் வியர்த்து, திறந்து கிடந்ததைவிட மோசமாக நனையும். நான்கு செங்கல்லை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் கயிறு கட்டி, புல்லில் படாமல் மூட வேண்டும். அளக்கும்போதும் மேடை காய்ந்து ஒரு மணி நேரம் ஆனபிறகே அளக்க வேண்டும்.

அயனுக்கு ஒரு அடிதட்டு

கொங்கிரீட்டின்மேல் போட்ட ரப்பர் விரிப்பில் அயன் கிளப் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் விழுந்தாலும் வழுக்கிக்கொண்டு பந்தைத் தொடும். பந்து நன்றாகவே போகும். மைதானத்தில் அதே அடி மண்ணைத்தான் வாரும். பிழையை மறைக்கும் விரிப்பு மணிக்கட்டையும் முழங்கையையும் சேர்த்துப் பதம் பார்க்கும்.

1.5×1.2 மீற்றர் பலகை மேடையில், பந்து வைக்கும் இடத்தில் 60×30 செ.மீ. பெட்டியை 7.5 செ.மீ. ஆழத்தில் இறக்க வேண்டும். கொள்ளளவு பதின்மூன்றரை லீற்றர். தும்புச்சோறு இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு. அமுக்கிய 5 கிலோத் தும்புச்சோற்றுக் கட்டி ஒன்றை ஊறவைத்தால் இந்தப் பெட்டியைப் பலமுறை நிரப்பலாம். உப்புநீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த சோற்றில் உப்பு மிஞ்சியிருக்கும். இரண்டு தண்ணீரில் அலசாவிட்டால் இரும்பு வெட்ஜ் கிளப் கறள் பிடிக்கும். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரல் இடுக்கில் தண்ணீர் கசியாத பதம்தான் அளவு. அரைச் செங்கல்லால் தட்டி இறுக்கி, பந்து வைக்கும் கோட்டைச் சுண்ணாம்பால் போட்டு அடித்தால், கிளப் கோட்டுக்கு முன்னே மண்ணைத் தொட்டதா பின்னே தொட்டதா என்று ஒவ்வொரு அடிக்கும் எழுதி வைத்தது போலத் தெரியும். பெட்டியின் மர விளிம்பு பரப்பைவிட 2 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளப்பின் தண்டு (ஷாஃப்ட்) போய்விடும். தோட்டத்து மண்ணைப் பெட்டிக்குப் போடவே கூடாது; அரித்தாலும் கல் தப்பி வரும்.

ஒரு விளிம்புக்கு அடியில் 12.6 செ.மீ. முட்டுக் கொடுத்தால் 1.2 மீற்றருக்கு 6 பாகை. பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் வலக்கையருக்கு இடப்பக்கம் இழுக்கும், தாழ்ந்தால் வலப்பக்கம் போகும். நிற்கும் இடத்தில் வழுக்காமல் தும்புப் பாய். பட்டிங்குக்கு உதவாத பாய் இங்கே வேலைக்கு ஆனது. முன்னால் மூன்று மீற்றரில் வலை. பந்தின் விட்டம் 42.67 மி.மீ. ஆகவே கண் 25 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வலையை இறுக்கிக் கட்டினால் பந்து திரும்பி வந்து தாக்கும். தளர்வாகத் தொங்கவிட்டு, அடியில் ஒரு அடி தரையில் புரள விட வேண்டும்.

தேயிலைக் கட்டைப் பட்டர்

மறுநடுகைக்குப் பிடுங்கிப் போடும் பழைய தேயிலைத் தூர் விறகுக்குத்தான் போகும். வைரம் பாய்ந்த கட்டை, உளி மழுங்கும். அதில் பட்டர் தலை நன்றாக வரும், காயவைக்கப் பொறுமை இருந்தால். வெட்டிய இரு முகத்துக்கும் உருக்கிய மெழுகுதிரி பூசி, அடுப்பு மாடத்தில் வைக்காமல் நிழலில் பல மாதம் போட வேண்டும். அவசரப்பட்டால் நடுவிலிருந்து நட்சத்திரம் போல வெடிக்கும்.

தலை 110 மி.மீ. நீளம், 32 அகலம், 28 உயரம். மரம் மட்டும் இருந்தால் பாரம் காணாது. பட்டர் தலைக்கு 340 கிராம் அளவில் வேண்டும். அடியில் 5 மி.மீ. பித்தளைத் தகடு ஏறத்தாழ 150 கிராம். இரண்டு ஓரத்திலும் 16 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளப் பித்தளை உருளை, ஒன்று 50 கிராம். பாரத்தை நடுவில் வைக்காமல் ஓரத்துக்குத் தள்ளுவதில்தான் விஷயம் இருக்கிறது: பந்து நடுவில் படாவிட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளாது. பிங் கிளப் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் தன் பட்டரில் செய்தது இதைத்தான். உருளைத் துளைக்கும் மர விளிம்புக்கும் 6 மி.மீ.க்குக் குறையாத சுவர் விட வேண்டும். ஷாஃப்டின் முனை பெரும்பாலும் 9.4 மி.மீ.; 9.5 துளை சரி. துளையை நிமிர்த்திப் போடக் கூடாது. நிமிர்ந்த கோட்டிலிருந்து ஷாஃப்ட் குறைந்தது 10 பாகை சாய்ந்திருக்க வேண்டும் என்பது விதி. 18 முதல் 20 வரை வைத்தால் நிற்கவும் வசதி. முகத்தை 3 பாகை பின்சாய்வாக இழைத்தால் பந்து புல்லுக்குள் அழுந்தாமல் உருளத் தொடங்கும்.

எபொக்சிக்குக் குளிர் ஆகாது. இரவில் 10 பாகைக்குக் கீழே போகும் இடத்தில் ஒரு நாளில் இறுக வேண்டியது மூன்று நாளானாலும் ரப்பர் போலவே இருக்கும். பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டு, தலையை எட்டவைத்து மூடிவிட்டால் காலையில் இறுகியிருக்கும். வார்னிஷ் நான்கு கை, துளைக்குள்ளும் சேர்த்து. ஷாஃப்ட் ஒட்டுமுன் தலையைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எண்ணை அடித்தகட்டில் ஆணியால் கீறி வைக்க வேண்டும். ஒரு வாரம் வெளித் திண்ணையில் போட்டுவிட்டு மறுபடி நிறுத்தால் இரண்டு மூன்று கிராம் கூடியிருக்கிறதா? அப்படியானால் மரம் இன்னும் பனியைக் குடிக்கிறது. காயவைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி வார்னிஷ்.